தாளின் பின்பக்கம்

...திருப்பினேனா இல்லையா, ஆளுநர் தேர்தலுக்கு வட்டத்தைக் கறுப்பாக்கியது நினைவிருக்கிறது, நீதிபதிகளுக்குப் போட்டது நினைவிருக்கிறது, பேனாவை மூடி வைத்ததுகூட நினைவிருக்கிறது, தாளைத் திருப்பியது மட்டும்... ஆர்டிஸ் வாக்கு எண்ணும் மெஷினின் முன்னால் நின்றாள், அது அவளுடைய வாக்குச்சீட்டை விழுங்கிவிட்டுப் பச்சை எழுத்தில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் இருந்தது ஒரே கேள்விதான், நகர மன்ற உறுப்பினர்களின் பதவிக்காலத்தை இரண்டு வருஷத்திலிருந்து நான்காக்கலாமா, இப்போது இருப்பவர்களுக்கும் சேர்த்து. ஆறு வாரம், முழங்கால் வலியோடு, பனியில் வழுக்கி வழுக்கி, ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டி அவள் கெஞ்சியது வேறென்ன, மறக்காம தாளைத் திருப்புங்க, வேண்டாம்னு போடுங்க... பிறத்தியாருக்குச் சொன்ன வாய்க்குத் தனக்குச் சொல்லத் தெரியாதா? மூன்றாம் நம்பர் பஸ்ஸை நிறுத்திய மன்ற உறுப்பினர் கோர்டி ஹாக்மனை அடுத்த நவம்பரில் வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும், இந்தக் கேள்வி ஜெயித்துவிட்டால் அது நடக்காது, இன்னும் மூன்று வருஷம் அவன்தான். பார்வை மங்கி ஆர்டிஸின் டிரைவிங் லைசென்ஸ் போனபிறகு, கணவர் வெண்டலை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக அந்த பஸ்தான் கதி, வாரம் மூன்று முறை. இப்போது அக்கம்பக்கத்தில் யார் காருக்காவது பல்லைக் காட்டி நிற்க வேண்டும், போன வாரம் இரண்டு முறைதான் போக முடிந்தது. மன்றக் கூட்டத்தில் அதைச் சொல்லி அழாத குறையாக நின்றாள், கோர்டி கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிஷம் முடிஞ்சுதும்மா, அடுத்தவங்க வாங்க" என்றான், அந்த 'அம்மா'வை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

'வாக்களித்தேன்' ஸ்டிக்கர் கொடுக்கும் மேசையிலிருந்து லோர்னா கூப்பிட்டாள், இன்று வாக்குச்சாவடியாகியிருக்கும் இதே தேவாலயத்தில் முப்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுபவள். "என்னடி, மெஷினையே முறைச்சுக்கிட்டு நிக்கிற, அது என்ன உன் புருஷனா?" பின்பக்கம் போடவில்லை என்று ஆர்டிஸ் சொன்னதும் லோர்னாவின் சிரிப்பு போய்விட்டது. "மெதுவாப் பேசு, நான் இங்க உக்காந்து இதெல்லாம் பேசக் கூடாது. உள்ள போனது போனதுதான்டி... நீயா? என் வாசல்ல நின்னு எனக்கே பாடம் எடுத்தியே." அவளே ஸ்டிக்கரை எடுத்து ஆர்டிஸின் கோட்டில் ஒட்டி, தேவைக்கு மேல் ஒரு முறை தடவிவிட்டாள்.

வீட்டில் ஜன்னலோரம் நாற்காலியில் இருப்பார் வெண்டல், நுழைந்ததும் கேட்பார், "தாளைத் திருப்புனியா ஆர்டி, இல்ல ஊருக்குத்தான் உபதேசமா?" அவருக்கு அது வேடிக்கை, அவருக்குத் தெரியாது, போன வியாழக்கிழமை டாக்டர் அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, அவர் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டினால் பெரிது என்றது. குளிர்காலம்... பிறகு அடுத்த நவம்பர் யாருக்கு, பஸ் யாருக்கு? அவள் வீட்டு வாசல் படிகளில் நின்றாள், மேலே போக மனமில்லை. மறதிதான், வயசாகிவிட்டது, வேறென்ன என்று சொல்லிப் பார்த்தாள். ஆனால் தாளின் ஓரத்துக்கு அடியில் விரலை நுழைத்தது இப்போது நினைவுக்கு வந்தது. நுழைத்த விரலை, கொஞ்ச நேரம் வைத்திருந்து, எடுத்துக்கொண்டதும்.