பாகு பூத்த வீடு

...கிளறவே கூடாது, சீனி கரைந்து கொதி வந்ததும் அகப்பையை ஒதுக்கி வைத்துவிட வேண்டும், இது எனக்குத் தெரியாதா, ஆனாலும் நேற்று சம்பந்தி அகீலா போன் எடுத்து, ஸஹீதா, பெருநாளைக்கு மஸ்கட் அல்வா கிண்டப்போறன், பாகு எப்பிடி வைக்கிற நீங்க, என்று கேட்டபோது, கைவிடாமக் கிளறிக்கிட்டே இரிங்க ராத்தா என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன், தேசிப்புளியை, அந்த எலுமிச்சைச் சொட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. ஏன் விட வேண்டும்? மகனையே கொடுத்தாயிற்று. காத்தான்குடியில் பிறந்தவளுக்கு இது புதிதா, கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவான், என் கணவரும் அப்படி வந்தவர்தானே, அவருடைய உம்மா வந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது அந்த முகத்தை நான் ஒருநாளாவது கவனித்தேனா... சரி, அது இப்போது எதற்கு. மருமகள் ஸுஹைனா நல்ல பிள்ளை, அவள் மீது ஒரு கோபமும் இல்லை. அவளுடைய உம்மா அகீலாவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மகன் வாயைத் திறந்தால், மாமி இறால் பொரிச்சா, மாமி ஷேர்ட்ட அயன் பண்ணித் தந்தா, ஆத்தங்கரைக்கு மாமியும் வந்தா... மாமி, மாமி, மாமி!

பாகு நுரை கட்டுகிறது, பாதித் தேசிக்காய் கையில் இருக்கிறது. இதன் சூட்சுமத்தை எனக்குச் சொன்னவனே என் மகன் நளீர்தான், ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில் இதே அடுப்படியில் புத்தகத்தோடு நின்று, புளி பட்டா சீனி குளுக்கோசு, புரக்டோசு எண்டு ரெண்டாப் பிரியும் உம்மா, அந்த ரெண்டும் இடையில நிண்டு மத்தச் சீனிய ஒண்டோட ஒண்டு சேர விடாது, அதான் உங்கட பாகு பூத்துக் கட்டியாகிறல்ல, என்றான். அதுவரை என் உம்மா பிழிந்தாள், நானும் பிழிந்தேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தச் சொட்டு எனக்கும் அவனுக்கும் மட்டும் உரியதாகிவிட்டது. அதைப் போய் அகீலாவுக்கு எப்படித் தூக்கிக் கொடுப்பது?

இப்போது அவன் என் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான், வரும்போதே ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான், மாமி உங்களுக்கும் தந்தனுப்பினா என்று. திறந்தால் உள்ளே கட்டி கட்டியாக, வெள்ளை வெளேரென்று பூத்துப்போன பாகு, பாகாகாமல் திரும்பவும் சீனியாகவே ஆகியிருந்தது. மனதில் ஒரு குளிர்ச்சி, சந்தோஷம்தான், பொய் சொல்லி என்ன. ஆனால் இவன் சிரிக்கிறானே... மாக்கரைசல் இன்னும் ஊத்தல்ல உம்மா, அதுக்குள்ள சட்டியோட இறுகிட்டு, மறுகா எல்லாருமாச் சுத்தி இருந்து கரண்டியால சுரண்டித் திண்டம், மாமிக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணால தண்ணி. எல்லாருமாக. என் மஸ்கட்டை யார் அப்படிச் சுற்றியிருந்து தின்றார்கள்? வெட்டி, பெட்டியில் அடுக்கி அனுப்புவேன், நல்லாயிரிக்கி என்பார்கள், அதோடு சரி. நான் கெடுக்கப் பார்த்தது அந்த வீட்டில் கொண்டாட்டமாகிவிட்டதே, அல்லாஹ்...

நீயும் அங்கயா மகன் நிண்ட, என்று திரும்பாமலே கேட்டேன். ஓம், பக்கத்திலதான். பூக்கத் தொடங்கினது தெரியல்லியா? தெரிஞ்சிச்சு, மாமி தேசிக்காய் விடல்ல எண்டும் தெரியும். அவ்வளவுதான் சொன்னான், போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

தெரிந்துகொண்டே பேசாமல் நின்றிருக்கிறான். உம்மா மறைத்தது மாமிக்குத் தெரிந்துவிடக் கூடாதென்றா, எங்கள் சொட்டு எங்களோடே இருக்கட்டும் என்றா... அப்படித்தான் இருக்கும், அவன் என் பிள்ளை, எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பான். கிண்ணத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டேன், கரகரவென்றிருந்தது, நல்ல தித்திப்பு. அடுப்பில் என் பாகு கம்பி பதத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படர்கிறது, இப்போது பிழியாவிட்டால் இதுவும் பூத்துவிடும், தேசிக்காய் இன்னும் கையிலேயே இருக்கிறது. நளீர் போனிலிருந்து தலையைத் தூக்கினான். சட்டியைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். ஸ்டூலைக் கொஞ்சம் அடுப்பின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். அங்கேயும் இப்படித்தான், பூக்கட்டும் என்று நின்றிருப்பானோ?