நரிக்குட்டிக்கு ஒட்டிய அழுகை

காட்டு விலங்குப் படம் முடிந்ததும், அது உருவான கதை என்று பத்து நிமிடம் போடுவார்கள். சேறு, கொசுக்கடி, தூக்கம் கெட்ட கேமராக்காரர்கள். பலருக்குப் படத்தைவிட அதுதான் பிடிக்கும். என் தங்கை கேமராக்காரி. அவளைக் காட்டுவார்களே என்று அப்பாவை வற்புறுத்தி டிவி முன்னால் உட்கார வைத்தேன். அம்மா போனதிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. அடக்கத்துக்கு அவள் வந்து சேரவில்லை. படம் எடுக்கப் போன தீவிலிருந்து படகு கிடைக்கவில்லை என்று நான் தலைகீழாக நின்று சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை.

திரையில் தங்கை வந்தாள். மழைக்கோட்டோடு, ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். பின்னால் வயலின் இழுத்தது. "நரிக்குட்டி திரும்பி வரவேயில்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்த நெஞ்சும் தாங்கவில்லை" என்றது ஒரு கனத்த குரல்.

அப்பா எழுந்தார். "பெத்தவ சாவுக்கு வர முடியல. நரிக்கு அழ மட்டும் முடியுது." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய மறு கையிலிருந்த சாட்டிலைட் போனின் ஆன்டெனாக் கொம்பு திரையோரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அந்தப் போனில் அம்மா இறந்த செய்தியைச் சொன்னவளே நான்தான். அம்மாவுக்கு அழுத அழுகையைத் தூக்கி நரிக்கு ஒட்டியிருக்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்!

தங்கையைக் கூப்பிட்டேன். "ஆமாக்கா, அன்னைக்கு எடுத்ததுதான். அசிஸ்டென்ட் எடுத்துட்டே இருந்திருக்கான். அந்தக் குட்டிக்கு ஒண்ணும் ஆகல. என் ஷூவைக் கடிச்சுத் தின்னுட்டு ஜம்முனு திரிஞ்சுது" என்றாள். பிறகு மெதுவாக, "அப்பா பாத்தாரா?" என்று கேட்டாள்.

மறுநாள் அப்பாவை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு அந்தப் படத்தின் எடிட்டிங் அறைக்குப் போனேன். தயாரிப்பாளர் சுழல் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"இதுல என்னங்க தப்பு? அழுகை அழுகைதானே. எதுக்கு அழுதாங்கன்னு யாரு கேக்கப் போறாங்க?"

"பெத்த அப்பா கேட்டாரே! வெட்டாத காட்சியைப் போடுங்க. சத்தத்தோட போடுங்க."

தயாரிப்பாளர் வாய் திறப்பதற்குள், எடிட்டிங் செய்த பெண் தலையைக் குனிந்தபடியே அதைப் போட்டுவிட்டாள். வயலின் இல்லை. காற்று மட்டும் இரைந்தது. தங்கை "அம்மா, அம்மா" என்று கதறினாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "அக்கா, அப்பாவைத் தனியா விட்றாதே. அவருக்கு மாத்திரைகூட அம்மாதான் எடுத்துக் குடுப்பாங்க" என்றாள்.

இதை நான் அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். நான் தங்கைக்குப் பூசி மெழுகுகிறேன் என்றார். இப்போது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவளைக் கூப்பிடு."

போட்டுக் கொடுத்தேன். "நான்தாம்மா" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

தயாரிப்பாளர் துள்ளி எழுந்தார். "இதைத்தானே முதல்லயே போட்டிருக்கணும்! நரியைத் தூக்கு, அப்பாவைப் போடு. சும்மா பிச்சுக்கும்!" படமெடுக்கத் தன் போனைத் தூக்கிப் பிடித்தார். "ஐயா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. முகத்துல வெளிச்சம் விழட்டும்."

அந்த ஆளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவை அறைந்து சாத்தினேன்.

"அங்க என்னப்பா சத்தம்?" என்றாள் தங்கை.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அன்னைக்கு நீ ஏதாவது சாப்பிட்டியா?"