இடம் பார்க்கப் போன கண்டக்டரம்மா

தெருவில் அவளுக்குக் கண்டக்டரம்மா என்றுதான் பெயர். பாதி ஆயுளைப் பஸ்ஸில் கழித்தவள்; கத்திக் கத்தி உரமேறிய குரல். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகு கைத்தடி இல்லாமல் நடமாட்டமில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். "நல்ல முதியோர் இல்லமா பார்த்து என்னைச் சேர்த்துடுடா" என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். அதற்கப்புறம் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகன் தானாகவே தேடி, தானாகவே முடிவு செய்து, ஒரு நாள் காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

இடம் பளபளவென்று இருந்தது. வாசலில் நீரூற்று. தரையில் முகம் பார்க்கலாம். பொறுப்பாளர் பெண் மகனிடமே பேசினாள்.

"அம்மா ராத்திரி நல்லா தூங்குவாங்களா சார்? அம்மாவுக்குக் கோபம் வருமா?"

"இப்ப வருது" என்றாள் கண்டக்டரம்மா.

பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தட்டினாள். "பாட்டி செம சுட்டி!"

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. மகன் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டி.வி. ஹாலில் மெலிந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். பணிப்பெண்கள் ஏதோ தூணைச் சுற்றிப் போவதுபோல் அவரைச் சுற்றிப் போனார்கள். பொறுப்பாளர் டி.வி.யின் அகலத்தை மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

கண்டக்டரம்மா குனிந்து கேட்டாள். "என்னங்க ஐயா வேணும்?"

"பாத்ரூம் போகணும்மா." அவர் குரல் எழும்பவே இல்லை. "கேட்டா, இன்னும் நேரம் ஆகலைங்கறாங்க."

"எதுக்கு நேரம் ஆகலை?"

"எங்களைக் கூட்டிட்டுப் போற நேரம்."

அவ்வளவுதான். பஸ்ஸின் கடைசி இருக்கைக்குக் கேட்கிற அந்தக் குரல் ஹால் முழுக்க அதிர்ந்தது. "ஏம்மா! மூத்திரம் உன் கடிகாரத்தைப் பார்த்தா வரும்?"

"அம்மா, சும்மா இரேன்மா. மானம் போகுது" என்று மகன் பதறினான்.

"போகட்டும்டா! அவரு மானம் போறது உன் கண்ணுக்குத் தெரியலை?"

ஆள் பற்றாக்குறை, ஒழுங்கு, பாதுகாப்பு என்று பொறுப்பாளர் என்னென்னவோ சொன்னாள். கண்டக்டரம்மா காதில் வாங்கவில்லை. ஒரு கையில் தடி, மறுகையில் பெரியவரின் முழங்கை. இருவரும் தள்ளாடித் தள்ளாடி பாத்ரூம் வரை போனார்கள். வெளியே வந்தவர் கண் கலங்கி, மகளின் போன் நம்பரை மனப்பாடமாக ஒப்பித்தார். கண்டக்டரம்மா மகனைக் கூப்பிட்டு அதைப் போனில் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

காரில் மகன் பொருமினான். "இந்த ஊர்லயே இதுக்குத்தாம்மா நல்ல பேரு. எத்தனை பேர் நெட்ல பாராட்டி எழுதியிருக்காங்க தெரியுமா?"

"யாரு எழுதினது?"

"அங்க இருக்கறவங்களோட பசங்க."

"உள்ள இருக்கறவங்க எழுதினது ஒண்ணு காட்டு."

அவள் அவன் போனை வாங்கிப் பெரியவரின் மகளை அழைத்து, கண்டதைச் சொன்னாள்.

"அப்பா என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே" என்றாள் அந்தப் பெண்.

"பக்கத்துல இல்லத்துக்காரங்க நிக்காம என்னைக்காவது கேட்டிருக்கியா?"

"ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கறேன்."

"அதுவரைக்கும் அவரு அடக்கிக்கிட்டு இருக்கணுமா?"

போன் பட்டென்று வைக்கப்பட்டது. ஆனால் அன்று மாலையே அந்த மகள் போய்த் தகப்பனை அழைத்து வந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. நன்றி ஒன்றும் சொல்லவில்லை, கண்டக்டரம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவளே இடம் பார்க்கக் கிளம்பினாள். எங்கே போனாலும் அலுவலக அறைக்குள் நுழையவில்லை. நேராக அங்கே இருப்பவர்களிடம் போய் உட்கார்ந்தாள். சுவரில் காரை பெயர்ந்த ஒரு சின்ன இல்லத்தில், காய் நறுக்கிக்கொண்டிருந்த கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சோறு சுமார்தான். பக்கத்து ரூம்காரி குறட்டை விடுவா. ஆனா கூப்பிட்டா யாராவது வருவாங்க."

மகன் சுவரைப் பார்த்து முகம் சுளித்தான். கண்டக்டரம்மா எந்த அறை காலி என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தாள்.