இறங்காத நீதிபதியும் நாற்பத்தொரு செடியும்

அராபா அசெம்பாதான் அடுத்த தலைமை நீதிபதி என்று வானொலி சொன்னபோது, நீதிபதி எபோ டர்க்சன் மக்காச்சோள மாவில் செய்த கென்கே உருண்டையைப் பிட்டு மிளகாய்த் துவையலில் தோய்த்துக்கொண்டிருந்தார். தோய்த்த கை அப்படியே நின்றுவிட்டது.

"அடேயப்பா, நம்ம அராபா!" என்று அவர் மனைவி எசி கையைத் தட்டினாள். "போனைப் போட்டு நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்."

"கண்ணுல என்ன தண்ணி?"

"காரம்டி. துவையல்ல இவ்வளவு மிளகாயா போடுவாங்க?"

எசி துவையல் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். நாற்பது வருடமாக அந்த வீட்டில் அராபாவுக்கு ஏதாவது நல்லது நடக்கும் நாளிலெல்லாம் துவையலில் காரம் கூடிப்போவதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்த வயிற்றெரிச்சல் இன்று நேற்று பிடித்ததல்ல. இருவரும் கேப் கோஸ்டில் ஒரே தெருவில், ஒரே செவ்வாய்க்கிழமையில் பிறந்தவர்கள். செவ்வாயில் பிறந்த பையனுக்கு எபோ என்றும் பெண்ணுக்கு அராபா என்றும் பெயர் வைப்பார்கள். அதனால் பள்ளியில் இருவரையும் ரெட்டைப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். பைபிள் ஒப்பித்தல் போட்டியில் எபோ மூன்றாவது வரியில் திக்கினார். அராபா அறுபது வரியையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, பரிசு வாங்கிய கையோடு அவருக்கு ஒரு மிட்டாய் வேறு கொடுத்தாள். அந்த மிட்டாய் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

இருவரும் ஒரே நாளில் வக்கீல் ஆனார்கள். அந்தத் தொழிலில் குதிரைமுடி விக் வெள்ளையாக இருந்தால் கத்துக்குட்டி என்று அர்த்தம், பழுத்து மஞ்சளாகிவிட்டால் மரியாதை. எபோ தன் விக்கை யாருக்கும் தெரியாமல் தேயிலைத் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டார். அராபாவோ வடக்கே புழுதி பறக்கும் ஊர்களில் மாஜிஸ்திரேட்டாக இருந்து, மரத்தடியில் கோர்ட் நடத்தி, வியர்வையில் நனைந்த விக்கோடு ஆறே வருடத்தில் திரும்பி வந்தாள். அவருடையதைவிட அது நன்றாகவே பழுத்திருந்தது. உயர் நீதிமன்றத்துக்கு அவர் அவளுக்கு மூன்று மாதம் முன்னால் போனார். வாழ்க்கையில் அந்த மூன்று மாதம்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார். அப்புறம் மேல்முறையீட்டு மன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அவள்தான் முதலில் போனாள். அவர் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். நூறு பக்கத் தீர்ப்பையும் அவள் ஒரு சொல் தடுக்காமல் வாசிப்பதை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதுதான் அவருக்கு வாய்த்தது.

வானொலிச் செய்தி வந்து பத்து நாளில் அந்தக் கடிதம் வந்தது.

அராபா மீது ஒரு புகார். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய எடுமக்ரோம் நில வழக்கு அது. இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரு பட்டை கோகோத் தோட்டம். எங்கள் ஊர்ப் பக்கம் நில எல்லையில் ந்தொமே செடியைத்தான் நட்டு வைப்பார்கள். வெட்டினாலும் துளிர்க்கும் சாதி அது. அந்த வரிசை ஓடைக்கு மேற்கே போகிறதா கிழக்கே போகிறதா என்பதுதான் வழக்கே. முதலில் விசாரித்தவர் எபோ. இடத்தை நேரில் பார்த்து, 'எல்லை முழுவதும் நடந்தேன், செடி வரிசை ஓடைக்குக் கிழக்கே' என்று நோட்டில் தன் கையால் எழுதினார். அடுத்த மாதமே குமாசிக்கு மாற்றலாகிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த அராபா மறுபடி போய் நடந்து பார்த்து, 'மேற்கே, நாற்பத்தொரு செடி' என்று எழுதித் தீர்ப்பும் சொன்னாள். முந்தைய நீதிபதியின் குறிப்பை ஏன் ஏற்கவில்லை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தோற்ற குடும்பம் அதைத்தான் இப்போது பிடித்துக்கொண்டிருந்தது. எதிராளிகளிடம் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டுதான் எபோ ஐயாவின் குறிப்பைக் குப்பையில் போட்டாள் என்றது புகார்.

விசாரணைக் குழு எபோவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது. அன்று நீங்கள் எல்லையை நடந்து பார்த்தீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கைப்பட எழுதவும்.

ஆமாம் என்று எழுதினால் அராபா தொலைந்தாள். அடுத்த மூத்தவர் எபோ. பதவி அவர் மடியில் வந்து விழும்.

விஷயம் என்னவென்றால், அன்று அவர் நடக்கவில்லை.

மழை பெய்திருந்தது. செம்மண் சேறு முழங்கால் வரை. லண்டன் கருத்தரங்குக்குப் போன இடத்தில் வாங்கிய கறுப்புத் தோல் ஷூவை அன்றுதான் முதல் முறையாகப் போட்டிருந்தார். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, சர்வேயர் கை காட்டிய திசையைப் பார்த்து எழுதிவிட்டுத் திரும்பிவிட்டார். இது தெரிந்தவர் யார்? சர்வேயர் செத்துப்போனார். கிராமத்து ஆள் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்? 'ஆமாம்' என்று எழுத எத்தனை சொட்டு மை வேண்டும்?

ஆனால் குழு நேரில் கூப்பிட்டு, செடி எங்கே, ஓடை எங்கே என்று குடைந்தால்? அதற்காக ஒருமுறை இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது என்று புதன்கிழமை காலை கிளம்பினார். பாமாயில் வாங்கப் போவதாக எசியிடம் சொன்னார்.

"நீங்க? எண்ணெய் வாங்க? அதுக்கு அந்த லண்டன் ஷூவா?" என்றாள் எசி.

பதினெட்டு வருடமாகப் பெட்டியில் வைத்துத் துடைத்துத் துடைத்துப் போடும் ஷூ. விசேஷம் என்றால் மட்டும் வெளியே வரும். பதவி வரப்போகிற வாரம் விசேஷம் இல்லாமல் என்ன?

டிரைவர் க்வெகு அன்றும் அவர்தான். எடுமக்ரோம் கைகாட்டியைப் பார்த்ததுமே வாய் ஓயவில்லை. "ஐயா, அந்த மழை ஞாபகம் இருக்கா? நீங்க இறங்கவே இல்லையே!"

"ரோட்டைப் பாத்து ஓட்டுய்யா!"

கிராமத்து முக்கில் ஒரு பெண்மணி பெரிய அலுமினியச் சட்டியோடு கென்கே விற்றுக்கொண்டிருந்தாள். ஏகூவா என்று பெயர். க்வெகு இறங்கியதுமே இரண்டு உருண்டையும் பொரித்த மீனும் வாங்கித் தின்ன ஆரம்பித்துவிட்டார். எபோ கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, ஓடைக்கு இப்படித்தானே போகணும்?" என்றார்.

"ஆமாண்ணே. காய்ச்சக்கார ஐயா முக்குலேருந்து நேரா எறங்குங்க."

"அது எங்க இருக்கு?"

"நீங்க நிக்கிறதுதான்!" என்று சிரித்தாள் ஏகூவா. "ரொம்ப வருசத்துக்கு முன்ன ஒரு ஜட்ஜ் ஐயா வந்தாரு. எல்லை பாக்கணும்னு ரெண்டு குடும்பமும் கொட்டுற மழையில குடையில்லாம நிக்குது. மனுசன் காரை விட்டு எறங்கவே இல்ல. இதோ உங்களாட்டமே கண்ணாடியை எறக்கினாரு, எழுதினாரு, போய்ட்டாரு. இங்க நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! இறங்காத ஐயா முக்குன்னு பேரே வச்சிட்டோம்."

க்வெகுவுக்கு மீன் முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. எபோ காரின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஒரு ஜட்ஜ் அம்மா வந்தாங்க. அராபா அம்மா. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, அந்தக் கடைசியிலேருந்து இந்தக் கடைசி வரைக்கும் நடந்தாங்க. ஒவ்வொரு செடியையும் தொட்டுத் தொட்டு எண்ணினாங்க. வழியில எவனோ இந்த முக்கு பேரைச் சொல்லிச் சிரிச்சான். அம்மாவுக்கு வந்துச்சே கோவம்! 'அந்த ஐயாவுக்கு அன்னிக்கு மலேரியா. நூத்திமூணு டிகிரி காய்ச்சலோட உங்களுக்காக வந்தாரு. அவரைப் பாத்தா சிரிக்கிறீங்க?'ன்னு வெளுத்து வாங்கிட்டாங்க. எங்களுக்கு வெக்கமாப் போச்சு. அன்னிலேருந்து காய்ச்சக்கார ஐயா முக்கு. பாவம், நல்ல மனுசன். பொழைச்சாரோ என்னமோ."

எபோவுக்குக் காது இரண்டும் சுட்டது. அப்படியென்றால் அராபாவுக்கு எல்லாம் தெரியும். பதினெட்டு வருடமாகத் தெரியும். தீர்ப்பில் அந்த ஒரு வரி இல்லாததற்கும் அதுதான் காரணம். எழுதியிருந்தால் எபோ டர்க்சன் பொய்க் குறிப்பு எழுதியவன் என்று ஊரே சிரித்திருக்கும். அவர் உச்ச நீதிமன்றத்தின் வாசற்படியைக்கூட மிதித்திருக்க முடியாது. அவள் அதை விழுங்கிவிட்டாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நாள், ஒரு பார்வையில்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. இன்று தன் தலைக்குமேல் கத்தி தொங்கும்போதும் வாயைத் திறக்கவில்லை.

நன்றியா வந்தது என்கிறீர்கள்? பற்றிக்கொண்டு வந்தது எரிச்சல். பாவி! என் கேவலத்தில்கூட அவள்தான் நல்லவளா? மறுபடியும் ஒரு மிட்டாயா?

காரிலிருந்து இறங்கினார்.

"ஐயா, சேறு! ஷூ!" என்று க்வெகு அலறினார்.

"போகட்டும்யா!"

அவள் எங்கேயாவது ஒரு இடத்தில் தப்பு பண்ணியிருக்க வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு செடி, ஒரே ஒரு அடி. ஓடையைத் தாண்டினார். சிவந்த இலைகளோடு செடி வரிசை நின்றது, மேற்கேதான். எண்ண ஆரம்பித்தார். சேறு ஷூவுக்குள் புகுந்து சளக் சளக் என்றது. இருபத்தெட்டில் மூச்சு வாங்கியது. முப்பத்தைந்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தொன்றில் வரிசை முடிந்தது. நம்ப மனமில்லாமல் திரும்பி வரும்போது மறுபடி எண்ணினார். நாற்பத்தொன்று.

"இருந்துட்டுப் போ, மூதேவி" என்று அராபாவைத் திட்டினார். அங்கே கேட்க யாருமில்லை.

வியாழன் காலை மேசை முன் உட்கார்ந்தார். ஆமாம் என்று எழுதினால் பதவி. அந்த நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு நாளும், எபோ பொய் சொன்னான் என்று ஒருத்திக்குத் தெரியும். தெரிந்தும் அவள் வாயைத் திறக்கமாட்டாள். அவள் பெருந்தன்மையை ஆயுள் முழுக்கச் சுமப்பதைவிட எடுமக்ரோம் சேற்றில் புதைந்து சாகலாம். பேனாவைத் திறந்து எழுதினார்.

'நான் காரை விட்டு இறங்கவில்லை. குறிப்பில் எழுதியது பொய். அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை.'

ஓய்வுக் கடிதத்தையும் அதே உறையில் வைத்து ஒட்டினார்.

குழுவில் யாருக்கும் மூன்றாவது வரி புரியவில்லை; முதல் இரண்டு வரியை வைத்தே புகாரைத் தள்ளிவிட்டார்கள். நகல் அராபாவுக்குப் போன அன்று மாலை போன் அடித்தது.

"எபோ, உன்னை யாருடா காய்ச்சலைப் பத்திக் கேட்டா?"

"உன்னை யாருடி எனக்குக் காய்ச்சல் வரவைக்கச் சொன்னா?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர் போதும்னு நெனச்சேன்டா, அசிங்கப்படறதுக்கு."

"அது யாருன்னு முடிவு பண்ண நீ யாரு?"

"சரி, சண்டை போடாத. பதவியேற்புக்கு வருவியா?"

"வருவேன். வயிறு எரிஞ்சுக்கிட்டேதான் வருவேன்."

"தெரியும். முன்வரிசையில சீட்டு போட்டிருக்கேன்."

அக்ராவில் பதவியேற்பு நடந்த அன்று எசி புது ஷூ எடுத்து வைத்தாள். எபோ லண்டன் ஷூவைத்தான் மாட்டினார். எவ்வளவு தேய்த்தும் தையல் இடுக்கிலெல்லாம் செம்மண் போகவில்லை. அவரும் தேய்ப்பதை விட்டுவிட்டார். "மானத்தை வாங்கறீங்களே" என்று எசி தலையில் அடித்துக்கொண்டாள்.

சிவப்பு அங்கியும் அந்தப் பாழாய்ப்போன பழுத்த விக்குமாக அராபா வந்தாள். மண்டபமே எழுந்து நின்றது. அவரும் நின்றார், வயிறு எரிய எரிய நின்றார். பைபிளைக் கையில் பிடித்து உறுதிமொழியைச் சொல்ல ஆரம்பித்தாள். பார்த்துப் படிக்கவில்லை, எப்போதும் போல மனப்பாடம். 'அச்சமும் பாரபட்சமும் இல்லாமல்' என்று சொல்லிக்கொண்டே முன்வரிசையைப் பார்த்தவள், எடுமக்ரோம் செம்மண் ஒட்டிய அவர் ஷூவைப் பார்த்தாள்.

அடுத்த சொல் வரவில்லை.

ஒரு நொடி. இரண்டு நொடி. மண்டபம் மூச்சைப் பிடித்தது. அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள்.

"ஐயோ பாவம், திக்கிட்டாங்களே" என்றாள் எசி.

எபோ டர்க்சன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அறுபது வருடத்தில் அராபா அசெம்பா திக்கியது இதுதான் முதல் தடவை. திக்க வைத்தது தன் ஷூ. அந்த சந்தோஷத்தை வெளியே காட்டாமல் கைதட்ட அவர் படாத பாடு பட்டார்.