பெருக்காத வாசல்

மர்கிலான் நகரின் அந்தத் தெருவில் கிழக்கு வெளுப்பதற்கு முன்பே விளக்குமாற்றுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். வாய்க்கால் கரையிலிருந்து தெருவின் பாதிவரை அவரவர் வாசலை அவரவர் பெருக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் ஏழு மணிக்கும் ஒரு வாசல் பெருக்காமல் கிடந்தால் அந்த வீட்டில் காய்ச்சல், இல்லை சண்டை, இல்லை சாவு. இரண்டு வருடம் முன்பு தனிக்கட்டையான எர்காஷின் வாசலில் முசுக்கொட்டை இலை அப்படியே கிடக்கிறதே என்று கதவைத் தட்டியவர்கள்தான், உள்ளே வாதம் வந்து விழுந்து கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் கோணல் வாயோடு தெருவையே வைதுகொண்டு திரிகிறார்.

துர்சுனாய்க்கு வயது அறுபத்தொன்று. போன குளிர்காலத்தில் கணவர் இறந்துபோனார். மகன் தூரத்துக் கசான் நகரில் கட்டட வேலை, மகள் கொரியாவில். நாற்பதாம் நாள் சடங்கில் பிலாவ் சோறு சாப்பிட்டுக் கை கழுவிப் போனவர்கள் போனவர்கள்தான். அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கை அந்த வீட்டுக்குள் வரவில்லை. நலம் விசாரிப்பதற்கு மட்டும் குறைச்சல் இல்லை. அதெல்லாம் தெருவிலேயே, நடை நிற்காமல், பதிலுக்குக் காத்திராமல்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அவள் பெருக்கவில்லை.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எப்போதும்போல விழிப்பு வந்தது. விளக்குமாற்றை எடுக்காமல் மாவைப் பிசைந்தாள். பூசணி சம்சா சுட்டு அடுக்கினாள். மகள் அனுப்பிய பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். விரிப்பை விரித்து ஆறு கிண்ணம் வைத்தாள். வருகிறவர்கள் பதறிக்கொண்டு வருவார்கள், முதலில் திட்டுவார்கள், பிறகு உட்காருவார்கள். உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாவது பேசாமல் எழுந்திருக்க முடியாது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

எட்டாயிற்று. பத்தாயிற்று. தேநீரை மூன்று தரம் மாற்றினாள். உச்சி வெயில் முற்றத்துக்கு வந்தபோது பொறுக்கமாட்டாமல் போய்க் கதவைத் திறந்தாள்.

வாசல் பளிச்சென்று இருந்தது. ஓர் இலை இல்லை. தெளித்த தண்ணீர்கூடக் காய்ந்துவிட்டிருந்தது.

மறுநாள் விடியற்காலை கதவுக்குப் பின்னால் சால்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து வீட்டு விளக்குமாறு நெருங்கியது, எல்லைத் தூணைத் தாண்டியது. துர்சுனாய் கதவைத் திறந்தாள். அடுத்த வீட்டு ஹோசியத்தின் மருமகள் ஷஹ்லோ. கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகிறது. நிமிர்ந்து திருதிருவென்று முழித்தாள்.

"உன் எல்லை அந்தத் தூணோட சரி இல்லையா, ஷஹ்லோ?"

"அத்தைதான் சொன்னாங்க பெரியம்மா. நேத்து உங்க வாசல் அப்படியே கெடந்துச்சு. ஞாயித்துக்கெழம முன்மாதிரித் தெருன்னு பலகை குடுக்க ஆளுங்க வர்றாங்கல்ல, தெருத் தலைவர் பாத்தா கத்துவாரு, நீயே பெருக்கிடுன்னாங்க."

"அப்படியே கெடந்தத பாத்தீங்க."

"ஆமா."

"பாத்துட்டும் கதவத் தட்டல."

ஷஹ்லோ விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அதற்குள் ஹோசியத் இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னக்கா, காலங்காத்தால எம் மருமவகிட்ட பஞ்சாயத்து? ஒத்தையில கெடக்குற மனுசி, குனிய முடியுதோ என்னமோன்னு பெருக்கிவிட்டா அதுவும் குத்தமா? நன்மை சேரட்டும்னுதான் செஞ்சோம்."

"நான் செத்துக் கெடந்திருந்தா?"

"ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"எத்தன நாளு பெருக்கியிருப்ப ஹோசியத்? நாத்தம் வர்ற வரைக்குமா?"

ஹோசியத்துக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "ஏன், ஒடம்பு முடியாமலா கெடந்தீங்க?"

இல்லை என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். துர்சுனாய்க்குப் பொய் வராது. "இல்ல. யாராச்சும் வருவீங்களான்னு பாத்தேன்."

"வேணும்னேவா? கூப்புட்டிருந்தா வந்திருப்போமே அக்கா."

"கூப்புட்டா யாருதான் வரமாட்டாங்க."

"நல்லா இருக்கு கூத்து. பலகை போயிருந்தா தெரு மானமும் போயிருக்கும். சரி, இனிமே இவ ஒங்க வாசலத் தொடமாட்டா. நீங்களாச்சு, ஒங்க வாசலாச்சு." ஷஹ்லோ மட்டும் உள்ளே போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். மாமியார் அதட்டியதும் போய்விட்டாள். துர்சுனாய்க்கு அழுகை வந்தது. அவமானத்தில் வந்த அழுகை. அதைக்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அழுதாள்.

சனிக்கிழமை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு விளக்குமாறு தூண்வரை வந்தது. அங்கே சற்று நின்றது. பிறகு அதன் வீட்டுப் பக்கமே திரும்பிப் போய்விட்டது.

இரவெல்லாம் அடித்த காற்றில் அவள் வாசலில் இலை குவிந்திருக்கும். இனி யாரும் தொடப்போவதில்லை. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா படுத்திருந்தால் போதும். ஏழு அடிக்கும், தெரு பார்க்கும், வருகிறவர்கள் வருவார்கள்.

ஆறரை. யாரோ இருமிக்கொண்டு நடந்து போனார்கள். வாசலுக்கு நேரே அந்தக் காலடி நின்றதா, நிற்கவில்லையா என்று தெரியவில்லை. முந்தாநாள் யாரும் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. வாசல் சுத்தமாக இருந்தது, அதனால் வரவில்லை. இன்றைக்கும் வராவிட்டால் அவர்களுக்காக எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொள்வது?

ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது துர்சுனாய் எழுந்து தலைத்துணியைக் கட்டினாள். கதவைத் திறந்து, ஒருவர் கண்ணிலும் படுவதற்கு முன்னால் பரபரவென்று பெருக்கினாள். ஏழு அடித்தபோது தண்ணீரும் தெளித்து முடித்திருந்தாள். இனி யாரும் வர வேண்டிய அவசியம் இல்லை.