நாற்காலிக் காலுக்குச் சாக்ஸ்

ஒரு விஷயம் தெரியலேன்னா எனக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டுக்குப் பார்சல் வந்தா உள்ள என்னன்னு தெரிஞ்சாகணும். அப்படிப்பட்ட எனக்கு, சொந்தப் புருஷன் பகல்ல எப்படிப்பட்ட ஆளுன்னே தெரியாதுன்னா நம்புவீங்களா?

அவருக்குப் பாட்டில் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட். எனக்கு பிஸ்கட் கம்பெனியில பகல் பேக்கிங். நான் செருப்பு மாட்டும்போது அவர் வந்து படுப்பார். நான் திரும்பி வந்தா இன்னும் தூங்கிக்கிட்டிருப்பார். எழுந்ததும் ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டு ஓட்டம். லீவு நாள்லயாவது பேசலாமேன்னா, அன்னிக்கு மிச்சத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குவார்.

இருக்கிறதே ஒரு ரூம். விசிலடிக்கும்னு குக்கரைப் பரண்ல ஏத்திட்டேன். நாற்காலிக் கால் தரையில கிறீச்சிடக் கூடாதுன்னு பழைய சாக்ஸை மாட்டிவிட்டேன். பேச்செல்லாம் குசுகுசுதான். எங்க குட்டி பொறந்ததுலருந்தே இப்படி வளர்ந்தவ. அழுறதைக்கூட சத்தம் வராம அழுவா. "என்ன அடக்கம் உன் பொண்ணுக்கு!"ன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. நானும் பெருமையில மிதந்தேன், மடச்சி.

அவ ரெண்டாவது போனதும் டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க. "'சத்தமாப் பேசு, கேக்கல'ன்னு சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தொண்டை போச்சு. வருஷக் கடைசிக்குள்ள வாய் திறக்கலேன்னா வேற ஸ்கூல் பாக்க வேண்டியதுதான்"னாங்க. டாக்டர்கிட்ட ஓடினேன். தொண்டையில ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்குன்னார். வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில உக்கார வச்சு, "சத்தமாப் பேசணும்டி செல்லம், சரியா?"ன்னு அவ காதுல குசுகுசுன்னு சொன்னேன். அவர் தூங்குறாரில்ல!

அந்தச் சமயத்துலதான் பணம் வர ஆரம்பிச்சுது. அடிப்படை வருமானமாம். எங்க ஏரியாவுல மட்டும் கவர்மென்ட்ல குடுத்துப் பாக்கிறாங்களாம். வேலைக்குப் போனாலும் சரி, போகாட்டியும் சரி, ஏன் எதுக்குன்னு கேக்காம மாசாமாசம் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வரும். எனக்குத் தூக்கமே போச்சு. யார் என்ன பண்ணப் போறாங்கன்னு பாக்கணுமே! மாடி வீட்டுப் பையன் வேலைய விட்டுட்டு எலக்ட்ரிக் வேலை கத்துக்கப் போனான். பக்கத்து வீட்டு டைலர் அக்கா ரெண்டாவது மிஷின் வாங்கிப் போட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கிட்டார். நைட்டுக்குன்னு தனியாக் குடுத்த காசு போச்சு, அந்த ஓட்டையை இந்தப் பணம் அடைச்சுது.

"சும்மா காசு குடுத்தா மனுஷன் சோம்பேறியாத்தான் போவான்"னு டைலர் அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குக் கேக்குற மாதிரியே சொன்னாங்க. அவங்களுக்கு வந்தது மட்டும் வேர்வை சிந்திச் சம்பாதிச்சதாக்கும்!

முதல் நாள் சாயங்காலம் அவர் வந்து வாயைத் திறந்தார் பாருங்க, அடேங்கப்பா! பாட்டில் மிஷின் பக்கத்துலயே நின்னு கத்திக் கத்திப் பழகின குரல். "தண்ணி குடு"ன்னார், தெருவே செம்போட வந்துடும்போல இருந்துச்சு. இத்தனை வருஷமா தூக்கக் கலக்கத்துல "ம்", "ம்ஹும்" மட்டும் கேட்ட எனக்கு, யாருடா இந்த ஆளுன்னு ஆயிடுச்சு.

"ஏன் ரெண்டு பேரும் திருட வந்த மாதிரி பேசுறீங்க?"

"நீங்க தூங்குவீங்கல்ல, அதான்"னேன், குசுகுசுன்னே.

அவர் நாற்காலிக் காலைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். "எல்லாம் எனக்காகவா?"ன்னார். அப்புறம் தரையில உக்காந்து ஒவ்வொரு சாக்ஸாக் கழட்டினார். முகம் சரியில்ல.

ஆனா குட்டி? அந்தக் குரலைக் கேட்டா என் பின்னாடி ஒளிஞ்சுக்குவா. இருந்த குசுகுசுவும் போச்சு. வருஷக் கடைசியும் நெருங்கிடுச்சு. ஆசைப்பட்டுப் பகல்ல கூட்டிட்டு வந்த மனுஷனாலயே பிள்ளை ஊமையாயிடுவாளோன்னு பயந்து செத்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை கணக்கெடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. பணம் வந்து என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணுமாம். என்னை மாதிரியே ஜென்மம்னு எனக்குப் பிடிச்சுப் போச்சு.

"புதுசா தொழில் ஏதாச்சும் ஆரம்பிச்சீங்களா?"

"இல்ல!"ன்னார் எங்க வீட்டுக்காரர். அந்தப் பொண்ணு கையிலிருந்த பேனா விழுந்துடுச்சு.

"சேமிப்பு?"

"இல்ல!"

"வருமானம் கூடுச்சா?"

"அதே அளவுதான்!"

"அப்ப என்னதான் மாறுச்சு?"ன்னு அது என்னைப் பார்த்துச்சு. வாயாடி நான், "காபி குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டு வச்சேன். குக்கர் இறங்கிச்சு, சாக்ஸ் கழண்டுச்சுன்னா சொல்ல முடியும்?

பாவம், அந்தப் பொண்ணு பேச்சை மாத்தி மூலையில படம் வரைஞ்சுக்கிட்டிருந்த குட்டிகிட்ட, "பாப்பா என்ன படிக்கிறீங்க?"ன்னு கேட்டுச்சு.

"ரெண்டாவது! நல்லாப் படிப்பா! படம்கூட..."ன்னு இவர் ஆரம்பிச்சார்.

"அப்பா! சும்மா இருங்க! என்னைத்தானே கேட்டாங்க!"

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்னுடுச்சு. நான் திரும்பிப் பார்த்தேன். குட்டிதான். கையில கலர் பென்சிலோட, மூக்கு விடைக்க எழுந்து நிக்கிறா. அப்பன் குரல் அப்படியே வந்திருக்கு! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துடுச்சு, அந்தப் பொண்ணு என்ன நினைச்சாலும் பரவால்லேன்னு அழுதேன்.

அவர் மெதுவா அவ முன்னால போய் மண்டி போட்டார். "இன்னொரு தடவ சொல்லும்மா"ன்னார். அந்த மனுஷனுக்குக் குரல் வராம வெறும் காத்துதான் வந்துச்சு.

குட்டி இடுப்புல கை வச்சா.

"சத்தமாப் பேசுங்கப்பா, கேக்கல."