வெள்ளைத் தரையைப் பார்த்தவன்

1

இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்தக் கதை அங்கிருந்துதான் பிறந்தது. வேறு கௌரவமான காரணம் எதுவும் இல்லை.

அரபு நாட்டில், அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் என் கட்டில் மேல் அடுக்கில் இருக்கிறது. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது என் வேலை. வருடக்கணக்காகக் குழாய் பிடித்து மாடி மாடியாக ஏறுகிறவன், ஒரு இரும்புக் கட்டிலின் ஏணியில் கால் வைக்க முடியாமல் நின்றேன். கீழ் அடுக்குச் சிவசங்கரன் தன் படுக்கையை விட்டுக்கொடுத்தான்.

"படுங்கண்ணே. ஆனா எந்தலகாணியத் தொடாதீக. அது என் சம்சாரம் மாதிரி."

மூன்று நாள் சிக் லீவு. அப்படிப் படுத்திருந்தபோதுதான் என் மகள் இளவேனிலின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. மதுரையில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். (அப்படியே என்று எழுதுகிறவனை நம்பாதீர்கள். கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

"அப்பா, விண்வெளி நாளுக்கு காலேஜ்ல எல்லாரும் பேசணும்னாக. வீட்ல பெரியவுக சின்ன வயசுல டிவில ராக்கெட்டு பாத்த கதை. நீங்க சொன்னதத்தான் சொன்னேன். நம்ம நாட்டு ஆளு ராக்கெட்ல போயி வெள்ளைத் தரையில குதிச்சுக் குதிச்சு நடந்தாரு, அதை எங்கப்பா டிவில பாத்தாகன்னு. கிளாஸே சிரிச்சிருச்சு. நம்ம ஆளு நிலாவுக்கே போகலையாம். பூமியச் சுத்திட்டு எறங்கிட்டாராம். மேடம், அப்பாகிட்ட நல்லாக் கேட்டுட்டு வியாழக்கிழமை வந்து பேசுன்னுட்டாக. நெசமாப் பாத்தீகளாப்பா? இல்ல நான் தூங்கணும்னு சொன்னீகளா?"

அழவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

2

முதல் தொடக்கம்:

1984ஆம் வருடம், பங்குனி வெயில் தாழ்ந்த நேரம், உப்பளத்தின் மேல் பெரிய நிலா—

நிறுத்திவிட்டேன். அன்று நிலா இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ராக்கெட் கதை என்பதால் கை தானாக ஒரு நிலாவைப் போட்டுவிட்டது.

இரண்டாவது தொடக்கம்:

எங்கள் ஊருக்கு டிவி வந்தபோது—

இதுவும் பொய். எங்கள் ஊருக்கு டிவி வரவில்லை. கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாவது, அலங்காரம் இல்லாமல்: சாயல்குடிக்குக் கிழக்கே கடலோரத்தில் ஒரு தனியார் உப்பளம். என் அப்பாவும் அம்மாவும் பாத்தியில் உப்பு வாரினார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நான் கூடை சுமந்தேன். எனக்குப் பத்து வயது. என்னோடு கூடை சுமந்த அருள்முருகனுக்கும் அதேதான். அளத்துக் கணக்குப்பிள்ளை வீட்டுக் கூரையில் தென்னை உயரக் குழாயில் ஆன்டெனா, இலங்கையைப் பார்த்தபடி. மெட்ராஸ் எடுக்காது, ரூபவாஹினி எடுக்கும். அளத்துப் பிள்ளைகளை அந்த வீட்டுக்குள் விடமாட்டார்கள். எங்கள் காலில் இருக்கும் உப்புத் தண்ணீர் பட்டால் சிமெண்டுத் தரை உப்புப் பூத்துப்போகும் என்று கணக்குப்பிள்ளையின் மனைவி சொல்வார். அது உண்மையும்தான். பூக்கும்.

ஆகவே பின்பக்கத்து ஜன்னல். அது உயரத்தில் இருந்தது. ஒருவன் குனிந்து நிற்க, இன்னொருவன் அவன் தோளில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு மாற வேண்டும்.

[இந்த மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிறைந்த உப்புக் கூடையை யாரும் தானாகத் தன் தலைக்கு ஏற்ற முடியாது. இன்னொருவர் தூக்கிவிட வேண்டும். இன்று நீ எனக்குத் தூக்கிவிட்டால், அடுத்து உனக்கு நான். பெரியவர்கள் இதை எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தவறியவனுக்கு மறுநாள் தூக்கிவிட ஆள் இருக்காது, கூடையோடு நின்றுகொண்டிருப்பான். அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். ஜன்னலுக்கும் இதே சட்டம்.]

அன்று அருள்முருகன் மேலே, நான் கீழே. நம்ம ஆள் வானத்துக்குப் போகிறார் என்று அளம் முழுக்கப் பேச்சு.

"என்னடா தெரியுது?"

"வெள்ளையாக் கெடக்குடா. நம்ம பாத்தி மாதிரியே."

"ஆளு?"

"ஒருத்தரு நடக்காரு. மூட்டை கட்டுன கால் மாதிரி இருக்கு. குதிச்சுக் குதிச்சு நடக்காரு."

"நம்ம ஆளா?"

"பின்ன?"

என் முறை வந்தபோது கரண்டு போய்விட்டது.

ஆக, நான் பார்த்தது கணக்குப்பிள்ளை வீட்டுச் சுவர். சுண்ணாம்பு அடித்த சுவர், மூக்குக்கு நேராக. இளவேனிலுக்கு ஐந்து வயதில் போனில் கதை சொன்னபோது சுவரைச் சொல்லவில்லை. அருள்முருகன் சொன்னதைச் சொன்னேன். நம்ம ஆள் தரையிறங்கவில்லை என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்ததுதான். தெரிந்தும் அந்த வெள்ளைத் தரை மனசிலிருந்து போகவில்லை.

3

இப்போது என் பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். கதையில் இது அவசியம். எனக்கு இது பழக்கமும்கூட. மற்றவன் முடுக்கிய கிளாம்பை நானும் ஒருமுறை முடுக்கிப் பார்த்துத்தான் பலகையில் கால் வைப்பேன்.

அருள்முருகன் எதைப் பார்த்தான்? நம்ம ஆள் விண்கலத்துக்குள் மிதந்தாரே தவிர எங்கும் நடக்கவில்லை. வேறு நாட்டுக்காரர்கள் முன்பு நிலாவில் நடந்த பழைய படத்தைச் செய்தியின் நடுவே போட்டிருக்கலாம். அல்லது நம்ம ஆளைப் பற்றி இலங்கைக்காரன் ஒன்றுமே போடாமல் இருந்திருக்கலாம். அல்லது வெறும் புள்ளி. காற்றில் ஆன்டெனா திரும்பினால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிதான் கொதிக்கும். இறங்கச் சொல்லிவிடுவேன் என்று அவன் அந்தப் புள்ளியிலேயே ஒரு ஆளை நடக்கவிட்டிருக்கலாம்.

முதல் பிரதியில் அவனுக்கு ஒரு தங்கப்பல் வைத்தேன், திருட்டு முழியும் கொடுத்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன். அவனுக்கு இங்கே பக்கத்தில் அஜ்மானில் லாரி ரேடியேட்டர் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. பல்லெல்லாம் சாதாரணப் பல்.

4

செவ்வாய்க்கிழமை இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அஜ்மானுக்கு பஸ் ஏறினேன். (சிக் லீவில் இருப்பவன் ஊர் சுற்றியது சூப்பர்வைசருக்குத் தெரியக்கூடாது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அருள்முருகன் ஒரு ரேடியேட்டரைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, பெல்ட்டெல்லாம் கட்டிக்கிட்டு? குஸ்திக்கா?"

"ஒண்ணு கேக்கணும்."

"போன்ல கேக்க வேண்டியதுதான?"

"போன்ல உம் மூஞ்சி தெரியாது."

"பாக்குற மூஞ்சியா இது" என்று சிரித்து, டீ வாங்கிக் கொடுத்தான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"கணக்குப்பிள்ளை வீட்டு ஜன்னல்ல அன்னைக்கு நெசமா நீ என்னத்தடா பாத்த?"

"என்னைக்கு?"

"நம்ம ஆளு மேல போன அன்னைக்கு. வெள்ளையாக் கெடக்குன்னு சொன்னியே."

அவன் டீயைத் தொட்டி விளிம்பில் வைத்தான்.

"நானா சொன்னேன்?"

"நீதான்."

"மாப்ள, நான் கீழல்ல நின்னேன். நீதான் மேல. வெள்ளையாக் கெடக்கு, பாத்தி மாதிரி கெடக்குன்னு நீ சொன்ன. இதை நான் எம் பயலுகளுக்கெல்லாம் சொல்லிருக்கேன். தோளு இத்துப்போச்சு எனக்கு. எம்முறை வர்றப்ப கரண்டு போயிருச்சு."

என் வாக்கியங்கள். வரிசைகூட மாறவில்லை.

"டேய், அது எனக்கு நடந்தது."

"ஒனக்கு நடந்துச்சுன்னா நான் பாத்தது யாரு காலு? மொகத்துக்கு ரெண்டு பக்கமும் உப்பு வெடிச்ச காலு. ஒங்காலுதான்."

"அங்க எல்லாருக்கும்தான் கால் வெடிச்சிருக்கும்."

"சரி, தாடையத் தொட்டுப் பாரு. கரண்டு போனதும் பயந்துபோயிச் சரிஞ்ச. கம்பி கிழிச்சிருச்சு. எஞ்சட்டையெல்லாம் ரத்தம்."

தொட்டேன். தாடைக்கு அடியில் தழும்பு இருக்கிறது. ஷேவ் பண்ணும்போது தினமும் தட்டுப்படுவது. அது உப்பு வாருகிற பலகை பட்டது.

"பலகைன்னு யாரு சொன்னா?" என்றான்.

"அம்மா."

"அம்மாகிட்ட யாரு சொன்னா?"

நான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னலில் ஏறி விழுந்தேன் என்று எந்தப் பயல் வீட்டில் போய்ச் சொல்வான்?

"கோவிச்சுக்காத மாப்ள," என்றான் அருள்முருகன். "நீ எனக்கு ஒரு தடவை பாக்கின்னு நான் இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா பில்லத் திருப்பிக்கிட்டு வந்து நிக்கிற."

5

இந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுத்தால் கதை எனக்குச் சாதகமாக நிற்கும். அதனால்தான் எடுக்கவில்லை.

நான் மேலே நின்றிருந்தால், பார்த்தவன் நான். பார்த்தது எங்கே? கண்ணை மூடினால் வெள்ளை தெரிகிறது. அது திரையா, பாத்தியா? அந்த வயதில் நான் பார்த்ததெல்லாம் வெள்ளைதான். மேலே நிற்கும் பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கீழே நிற்பவன் விடாமல் கேட்கிறான், இறங்கவும் மனசில்லை. அவன் தனக்குத் தெரிந்த ஒரே தரையைச் சொல்லியிருப்பான். அந்தப் பையன் அருள்முருகனாக இருந்தால் நான் உடனே நம்புவேன். நானாக இருந்தால் ஏன் தயங்குகிறேன்?

இன்னொன்று. நேற்று இதை எழுதும்போது "கம்பியில் துரு இருந்தது" என்று ஒரு வரி எழுதினேன். எழுதி முடித்ததும் உள்ளங்கையில் துரு வாசனை வந்தது. முந்தாநாள் அந்த வாசனை என்னிடம் இல்லை. நானே எழுதி, நானே மோந்து, நானே சாட்சி சொல்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டேன். வாசனை போகவில்லை.

[சிவசங்கரனுக்கு இதுவரை வாசித்துக் காட்டினேன். "அண்ணே, ரெண்டு பேருமே கீழதான் நின்னீகன்னா, மேல நின்னது எவன்?" என்று கேட்டுவிட்டு, தலைகாணியை வாங்கிக்கொண்டு திரும்பிப் படுத்தான்.]

6

என்னிடம் உள்ள முடிவுகள்:

அருள்முருகன் புளுகினான் என்று மகளிடம் சொல்வது. சிரிப்பு அவளை விட்டு அஜ்மானுக்குப் போய்விடும். அவன் மறுக்கவும் மாட்டான், அதற்கெல்லாம் அவன் பெரிய மனசுக்காரன். அதுவே எனக்கு இடிக்கிறது.

நான்தான் பார்த்தேன், புரியாமல் உளறினேன் என்று சொல்வது. இதற்கு அத்தாட்சி ஒரு தழும்பு மட்டும்.

டிவியில் ஓடியது வேறு நாட்டுக்காரர்களின் பழைய படம், ஆளைத்தான் தப்பாகச் சொன்னேன், தரை சரி என்று சொல்வது. எல்லோருக்கும் மரியாதை மிஞ்சுகிற முடிவு. இவ்வளவு வசதியாக ஒரு உண்மை வந்து நின்றதை நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, நாளைக்குப் பேசணும். என்னன்னு சொல்லட்டும்?"

ஜன்னல், தோள், கரண்டு எல்லாம் சொன்னேன். அஜ்மான் போனதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அருள் மாமா அவுக கீழ நின்னேன்னு சொல்றாகளா?"

"ஆமா."

"நீங்களும் கீழ நின்னேன்னு சொல்றீக."

"ஆமாம்மா."

"பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லிருவேன்ப்பா, எனக்கு ஒண்ணும் கூச்சமில்ல. அவுக சிரிச்சது போகட்டும். எனக்குச் சொன்னது யாரு கதைன்னு எனக்குத் தெரியணும்ல. நீங்க மேல நின்னீகளா, கீழ நின்னீகளா?"

அங்கே ஹாஸ்டலில் யாரோ வாளியைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்குக் காலைல சொல்றேன்" என்றேன்.

7

வாசிக்கிற நீங்கள் இந்த இடத்தில் ஒரு முடிவு எதிர்பார்ப்பீர்கள். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் சொல்லை வைத்து எடுக்காதீர்கள். இடுப்பு வலியிலிருந்து வாளிச் சத்தம் வரைக்கும் எல்லாவற்றையும் அடுக்கியவன் நான். அருள்முருகனை எழுதச் சொன்னால் வேறு மாதிரி அடுக்குவான். அவன் கதையில் நான்தான் பொய்யன், நான்தான் பஸ் பிடித்து வந்து அதைச் சாதிக்கப் பார்த்தவன்.

நான் டியூட்டிக்குத் திரும்பிவிட்டேன். இன்று பதினோராம் மாடி வரைக்கும் சாரம் ஏறிவிட்டது. வியாழக்கிழமை காலையில் நான் இளவேனிலைக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. வகுப்பில் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறகு நாங்கள் இரண்டு தடவை பேசிவிட்டோம். சாப்பாடு, வெயில், அவள் அம்மாவின் கண் ஆபரேஷன். அதை மட்டும் அவள் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அருள்முருகனுக்கும் எனக்கும் இடையில் தோளில் ஒரு முறை ஏற்றிவிடுவது பாக்கி இருக்கிறது. யார் யாருக்கு என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். இன்னொன்றை உங்கள் தலையில் ஏற்ற முடியாது, அது என்னுடையது: மேலே நின்றேனா, கீழே நின்றேனா என்று என் மகளுக்கு நான் ஒரு பதில் தர வேண்டும். இன்னும் தரவில்லை.